பேசியதற்கு நாடுகடத்தல்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கண்டன அறிக்கை

தானா ராத்தா, ஆகஸ்ட் 2020

ஆகஸ்ட் 21 இரவு வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டார். அவர்மீது எந்த நீதிமன்றத்திலும் குற்றம் சாட்டப்படவில்லை. அவர் அல் ஜசீரா தொலைக்காட்சியிடம் பேசியிருந்தார். இந்த நாடுகடத்தலை எங்கள் சங்கம் கண்டிக்கிறது.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் ஆவணமற்ற தொழிலாளர்கள் எப்படிப் பிடிக்கப்பட்டார்கள் என்பதை ஜூலை 3 அன்று ஒளிபரப்பான அல் ஜசீரா ஆவணப்படம் விசாரித்தது. கோவிட் பரிசோதனைக்கு வருவோர் கைது செய்யப்படமாட்டார்கள் என்று அரசு முன்பு உறுதி கூறியிருந்தது. மே 1 அன்று, தொழிலாளர் தினத்தில், கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் கைதுகள் நடந்தன. அதே மாதம் புக்கிட் ஜாலில், செமினி, சிப்பாங் தடுப்பு முகாம்களில் தொற்று பரவியது.

படம் தவறு என்று அரசு கூறியது. தவறென்றால் ஆதாரத்தோடு மறுக்கலாம். அரசு அதோடு நிற்கவில்லை. ஜூலை 10 அன்று அல் ஜசீரா செய்தியாளர்கள் புக்கிட் அமான் காவல்துறைத் தலைமையகத்துக்கு வரவழைக்கப்பட்டனர். ஆகஸ்ட் 4 அன்று அவர்களின் அலுவலகம் சோதனையிடப்பட்டு இரண்டு கணினிகள் எடுத்துச் செல்லப்பட்டன. மஸ்ஜித் இந்தியா கைதுகளைச் செய்தியாக்கிய செய்தியாளர் தாஷ்னி சுகுமாரனும் மே மாதமே விசாரணைக்கு அழைக்கப்பட்டார்.

படத்தில் பேசிய அந்தத் தொழிலாளியின் பெயரையும் படத்தையும் முகவரியையும் குடிநுழைவுத் துறை பொதுவில் வெளியிட்டது. அவருடைய வேலை பெர்மிட் ரத்தானது. ஜூலை 24 முதல் நான்கு வாரங்கள் அவர் காவலில் இருந்தார். இனி அவர் இந்நாட்டுக்குள் வர முடியாது.

எங்கள் தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் எங்களோடு வேலை செய்கிறார்கள். அவர்களின் பெர்மிட் முதலாளியின் பெயரில் இருக்கிறது. பேசியவருக்கு நேர்ந்ததை அவர்கள் பார்த்துவிட்டார்கள். இனி காய்ச்சல் கண்டாலும் சொல்ல அஞ்சுவார்கள். அவர்களோடு ஒரே லயத்தில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பேசியதற்கு நாடுகடத்தும் தண்டனை எங்களுக்குப் புதிதன்று. 1941 மே மாதம் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேசிய ஆர். எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய பத்திரிகையாளர். அன்று ஆண்டது காலனி அரசு. இன்று இருப்பது நாங்கள் வாக்களிக்கும் நாட்டின் அரசு.

நோய்க்காலத்தில் அரசு செய்ததை விசாரிப்பது செய்தியாளரின் கடமை. கண்டதைச் சொல்வது தொழிலாளியின் உரிமை. செய்தியாளர்கள்மீதான விசாரணைகள் கைவிடப்பட வேண்டும். கணினிகள் திருப்பித் தரப்பட வேண்டும். அத்தொழிலாளிமீதான தடை நீக்கப்பட வேண்டும்.