கலன் அருகே நிற்பவரின் மொழி

மத்தியதரைக் கடலில் ஓடும் கப்பல்களின் எரிபொருளில் கந்தகம் 0.10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி 2025 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. இத்தகைய கட்டுப்பாட்டு மண்டலங்களுக்கு வெளியே 2020 முதல் உள்ள 0.50 விழுக்காட்டு வரம்போடு ஒப்பிட்டால், டன்னுக்கு நான்கு கிலோ வரை கந்தகம் புகைபோக்கிக்குப் போகாமல் சுத்திகரிப்பு ஆலையிலேயே பிரிந்து நிற்க வேண்டும். 2024-இல் ஏறத்தாழ 5.5 கோடி டன் கப்பல் எரிபொருள் விற்ற துறைமுகம் நம் சிங்கப்பூர். கப்பல் புகையைக் கழுவும் ஸ்கிரப்பர் கருவியின் கழுவுநீரை இங்கே கடலில் விடவும் 2020 முதல் தடை. ஆகவே சுத்திகரிப்பு ஆலையில் கந்தகத்தை மீட்கும் கிளாஸ் அலகிலிருந்து வருவதைப் பாலிமராகவும் மேற்பூச்சாகவும் மாற்றலாம் என்ற யோசனைக்கு நம் துறை தன் நிலையைச் சொல்லியாக வேண்டும். இவ்விதழ் அதை ஆதரிக்கிறது, ஒரே ஒரு நிபந்தனையோடு.

ஆதரிக்கக் காரணங்கள் வலுவானவை. 2013-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பியுன் குழு தொடங்கிவைத்த, கந்தகத்தையே பெரும்பகுதியாகக் கொண்டு பாலிமர் செய்யும் தலைகீழ் வல்கனைசேஷன், ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் மேற்பூச்சாக வளர்ந்திருக்கிறது. கந்தகத்தோடு டைசைக்ளோபென்டாடையீன் சேர்த்து, கரைப்பானில் கரையும் பதத்தில் வினையை நிறுத்தி, பூசியபின் சூடேற்றிக் கெட்டியாக்குகிறார்கள். அந்தப் பூச்சு அரிப்பையும் அமிலத்தையும் தாங்குகிறது. கீறல் விழுந்தால் சூடேற்றியே சரிசெய்யலாம். கந்தகம் கழிவே அல்ல, பெரும்பகுதி அமிலமாகி உரத்துக்குப் போகிறது, விலையும் ஏறி இறங்கும் என்று சிலர் மறுப்பார்கள். அது சரிதான். அதனால்தான் மலிவு என்ற ஒன்றை நம்பி இந்தப் பூச்சை நாம் ஏற்கவில்லை. பழுதுபார்க்கக்கூடிய பூச்சு என்ற தகுதி, கந்தகத்தின் விலை ஏறினாலும் குறையாது.

நிபந்தனை, கந்தகத்தை உருக்கிப் பாலிமராக்கும் கலன் அருகே தொடங்குகிறது. உருகிய கந்தகம் முதலில் தெளிந்த மஞ்சள் நீர்மமாக ஓடும். 159 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கந்தக மூலக்கூறின் வளையங்கள் உடையும். டைசைக்ளோபென்டாடையீன் போன்ற இணைப்பான் சேர்ந்தபின் நிறம் சிவந்து, குழம்பு இறுகி, கிளறி திணறும். வினை தன் வெப்பத்தாலேயே ஓடத் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். வெப்பம் கட்டுமீறினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். 2019-இல் லிவர்பூல் குழு காட்டிய வினையூக்கிகள் 135 டிகிரியிலேயே வேலையை முடித்து இந்த வாயுவைத் தடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் வினையூக்கி அளவு தவறாத வரைக்கும்தான் அந்தக் காப்பு. காற்றைவிடக் கனமான இந்த வாயு தாழ்வில் தங்கும். 100 பிபிஎம் அளவில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியது என்று நம்புபவர்தான் மடிகிறார். 2024 மே மாதம் சுவா சூ காங் நீர்நிலையத்தில் தொட்டி சுத்தம் செய்யும் பணியில் ஓர் இந்திய ஊழியரின் உயிரைப் பறித்ததும் இதே வாயுதான்.

இந்த வேதியியல் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தால், புக்கிட் பாத்தோக் கிரசென்ட் போன்ற இடங்களின் அடுக்குமாடித் தொழிற்கூடங்களுக்கும் வந்துசேரும். அங்கே கலனைக் கிளறப்போகிறவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கைக்கு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளோ ஆங்கிலத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் என்னும் வேதிப்பொருள் விதி, பொருள் விற்கப்படும் நாட்டின் அதிகாரத்துவ மொழியில் அந்தத் தாள் இருக்க வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. அரசமைப்புச் சட்டமே அப்படிச் சொல்கிறது. பாராளுமன்றத்தில் பேசவும் நாணயத்தில் பொறிக்கவும் தகுதி பெற்ற மொழி, உயிர் காக்கும் தாளில் மட்டும் ஏன் இல்லை? மனிதவள அமைச்சு இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு வகுப்புகளும் சுவரொட்டிகளும் தமிழில் உண்டே என்பார்கள். உண்டு, நன்றி. ஆனால் தலைக்கவசம் அணியச் சொல்லும் சுவரொட்டி, இந்தக் கலன் எந்த டிகிரியில் கொல்லும் என்று சொல்லாது. வங்காளி, பர்மியர் என்ன பாவம் செய்தார்கள் என்றும் கேட்பார்கள். அவர்களுக்கும் வேண்டும்தான். அதற்காக, ஏற்கெனவே சட்ட உரிமை உள்ள மொழியையும் காத்திருக்க வைப்பது நியாயம் ஆகாது.

நாம் கேட்பது முழு நூலின் மொழிபெயர்ப்பு அல்ல, ஒரே ஒரு பக்கம். தாண்டக்கூடாத வெப்பநிலை, வாயு அளவி ஒலித்தால் செய்ய வேண்டியது, விழுந்தவரை மூச்சுக்கருவி இல்லாமல் தூக்கப் போகக்கூடாது என்ற எச்சரிக்கை. இவற்றைத் தமிழில் தராத விற்பனையாளரின் பொருளை நம் துறையினர் வாங்க வேண்டாம். முதல் மூட்டை கந்தகம் மாடி ஏறுவதற்கு முன்பே அந்தப் பக்கம் கலனருகே சுவரில் இருக்கட்டும்.