இரண்டாவது பூட்டு

சென்ற புத்தகத் திருவிழாவின்போது, திண்டுக்கல்லில் ஒரு கடையின் முன்னால், முதல் நூலிலேயே நல்ல பெயர் வாங்கிவிட்ட ஓர் இளம் எழுத்தாளரை நாலைந்து வாசகர்கள் சூழ்ந்து நின்று, அபிமானம் மிகுந்த குரலில், "இதே மாதிரி இன்னொண்ணு எப்ப சார் வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனா அரை நிமிஷம் அப்படியே நின்றுவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு, இரண்டு வருஷமாக ஒரு பக்கம்கூட எழுத ஓடவில்லை என்றும், எதை எழுத உட்கார்ந்தாலும் பழைய புத்தகம் வந்து எதிரில் உட்கார்ந்துகொள்கிறது என்றும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டு என் மனம் சங்கடப்பட்டது. அன்பினால் கேட்கப்படும் ஒரு கேள்வியே ஒருவருடைய கையைக் கட்டிப்போட்டுவிடக் கூடும் என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

அவருக்கு ஆறுதல் சொல்ல நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் இறங்கக்கூடிய வத்தலக்குண்டு, கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் காபி குடிக்க நிற்கும் ஊர் என்று மட்டுமே பலருக்கும் தெரிந்த அந்த வத்தலக்குண்டு, பி. ஆர். ராஜமையர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா ஆகிய மூவரை நவீனத் தமிழுக்குத் தந்திருக்கிறது. மூவரும் கீர்த்தியைக் கண்டவர்கள். கண்ட பிறகு அதை அச்சு எடுத்துக்கொண்டிருக்க மறுத்தவர்கள்.

1872-இல் பிறந்த ராஜமையர், 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 1893-இல் 'கமலாம்பாள் சரித்திரம்' என்ற தொடர்கதையைத் தொடங்கியபோது இருபத்தொரு வயதுப் பிள்ளை. தமிழில் நாவல் என்பதே அப்போது தவழும் பருவத்தில் இருந்தது. 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தைத் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1887-இல் 'சுகுணசுந்தரி'யையும் எழுதினார். முன்னதை அறிந்தவர்களில் பின்னதைப் படித்தவர்கள் இன்று எத்தனை பேர்? ராஜமையருக்கோ, 'கமலாம்பாள் சரித்திர'த்தில் வரும் அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதரைப் போல இன்னும் பத்துப் பேரைப் படைத்துவிடும் சாமர்த்தியம் நிச்சயமாக இருந்தது. இருந்தும், 1895-இல் தொடர் முடிந்து அடுத்த வருஷம் நூலாகவும் வெளிவந்த அந்த வேளையில், அவருடைய சித்தம் வேதாந்தத்தின் பக்கம் திரும்பிவிட்டது. 1896-இல் 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1898-இல், இருபத்தாறே வயதில், காலமானார். தமிழுக்கு அது ஈடு செய்ய முடியாத நஷ்டம். எனினும், மனம் வேறிடத்துக்குப் போய்விட்ட பிறகு பழைய இடத்தில் நின்று அபிநயம் பிடிக்காமலிருந்த அந்த நேர்மையை நான் வணங்குகிறேன்.

ராமையாவின் வழி வேறு. 1935-இல் 'மணிக்கொடி'யைச் சிறுகதைப் பத்திரிகையாக மீட்டெடுத்தவர், தம் பெயரை நிலைநாட்டிக்கொள்வதைவிடப் பிறர் எழுத்தைத் தேடிப் பிடித்து அச்சேற்றுவதில் அதிக ஆனந்தம் கண்டார். எழுத்தாளர் மௌனியைத் தமிழுக்கு அறிமுகப்படுத்திய பெருமை அவருடையது. பின்னர் சினிமா, நாடகம், பத்திரிகைக் கதை என்று சலிக்காமல் உழைத்தார். அவர் எழுதியவை எல்லாம் ஒரே தரத்தவை என்று நான் வாதிக்க மாட்டேன். ஆனால் ஒன்று சறுக்கினால் என்ன ஆகுமோ என்று அஞ்சிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் அல்லர் அவர். நாளைக்கு ஒரு கதை எழுதியாக வேண்டும் என்ற ஜீவன நிர்ப்பந்தம், நேற்றைய கதையைப் பற்றிய கவலையை அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்பதும் ஒரு நன்மையே.

செல்லப்பாவைப் பற்றித்தான் நான் விஸ்தாரமாகப் பேச விரும்புகிறேன். அவருடைய 'வாடிவாசல்' ஒரு பிற்பகலில் படித்து முடித்துவிடக் கூடிய சிறிய புத்தகம். தன் தகப்பனைக் குத்திச் சாய்த்த காரிக் காளையை அடக்க வந்து நிற்கிற பிச்சி, புழுதி, கூட்டத்தின் இரைச்சல், திட்டிவாசலில் கட்டுண்ட மிருகத்தின் மூச்சு என்று எல்லாமே வெளியில், வெயிலில் நடக்கின்றன. தை பிறந்ததும் காளையைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவும் நம் பக்கத்துக் கிராமத்தானுக்கு அதில் ஒரு வரிகூட அந்நியமில்லை. அதே மண்ணிலிருந்து இன்னொரு காளை, இன்னொரு ஜமீன்தார், இன்னொரு பழி என்று எடுத்து அடுக்குவது அவருக்கு எத்தனை சுலபமாக இருந்திருக்கும்! அவர் எழுதிய 'ஜீவனாம்ச'த்திலோ கூட்டமும் இல்லை, புழுதியும் இல்லை. சாவித்திரி என்ற ஒரு பெண், வீட்டுக்குள், தனக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருக்கிறாள். அந்த எண்ணத்தின் போக்கே நாவல். வாடிவாசலில் ஆரவாரித்த வாசகனை அவர் ஓர் அறைக்குள் அழைத்துக்கொண்டு போய் மௌனமாக உட்கார வைத்துவிட்டார்.

1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது, 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முதலிலேயே அறிவித்தவர் அவர். வெற்றி வந்து வாசற்கதவைத் தட்டுவதற்கு முன்பே அதற்கு எல்லை கட்டிவிட்ட அந்தத் துணிவு, எனக்கு இன்றும் பிரமிப்பைத் தருகிறது. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. புதுக்கவிதை அங்கேதான் வேர்பிடித்தது. அதற்காக அவர் கொடுத்த விலை சாமானியமானதல்ல. புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். முதுமையில், தாம் ஈடுபட்டுச் சிறை சென்ற சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலை 1997-இல் வெளியிட்டார். மறு வருஷம் மறைந்தார். அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001-இல்.

இதை எழுதும்போது, பல வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருந்த பூட்டுத் தொழிலாளி ஒருவரின் நினைவு வருகிறது. மாங்காய்ப் பூட்டின் உள்ளே இருக்கும் லீவர் தகடுகளை அரத்தால் ஒவ்வொன்றாக ராவி, சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பார். பிறகு, ஏற்கெனவே செய்து மாட்டி வைத்திருக்கும் பூட்டுகளின் சாவிகளையும் ஒன்றொன்றாக அதில் போட்டுப் பார்ப்பார். ஒன்று திறந்துவிட்டால் போதும், பூட்டைப் பிரித்து மறுபடியும் ராவ உட்கார்ந்துவிடுவார். "பழைய சாவி தொறந்தா அது பூட்டு இல்ல தம்பி" என்பார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அவருடைய அந்த அரத்தின் சப்தம்தான் என் காதில் ஒலித்தது.

பதிப்பாளரின் சங்கடம் எனக்குத் தெரியாததல்ல. விற்ற சரக்கையே மறுபடியும் கேட்பது வியாபார தர்மம், காகிதக்காரனுக்கும் அச்சகத்துக்கும் அவர் பணம் கட்டியாக வேண்டும். ஆனால் வாசகனுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. பிடித்த புத்தகத்தைப் பத்து முறை படிக்கலாம். அது எங்கும் ஓடிப் போவதில்லை. அதன் நகல் ஒன்றுக்காக ஒரு மனிதரின் அடுத்த பத்து வருஷங்களை நாம் ஏன் அடகு கேட்க வேண்டும்?

ஆகையால், அடுத்த புத்தகத் திருவிழாவில் அந்த இளைஞரையோ அவரைப் போன்ற ஒருவரையோ நீங்கள் காண நேர்ந்தால், "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னால், பக்கத்துக் கடைக்கு அழைத்துக்கொண்டு போய் ஒரு காபி வாங்கிக் கொடுத்து, ஊர்க்கதை பேசிவிட்டு வாருங்கள்.