ஜியா டீச்சரின் கறுப்பு உடுப்பு

பாகிஸ்தானில் 2013 ஜூலையில் தொடங்கிய ‘புர்கா அவெஞ்சர்’ என்ற உருது கார்ட்டூனைத் தங்கைமாருக்குத் தயங்காமல் காட்டலாம். ஒரு குறை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாயகி ஜியா, ஹல்வாபூர் என்ற கற்பனை ஊரின் ஆசிரியை. பெண்கள் பாடசாலையை மூட வரும் மந்திரவாதி பாபா பந்தூக்கையும் ஊழல் அரசியல்வாதி வடேரோ பஜேரோவையும் புத்தகமும் பேனையும் எறிந்தே விரட்டுகிறாள். கையில் துப்பாக்கி கிடையாது. படிக்கக் கேட்டதற்காக மலாலா சுடப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டுதான்.

குறை உடுப்பில் இருக்கிறது. புர்கா அடக்குமுறையின் சின்னம் என்று பாகிஸ்தானிலேயே சிலர் இத்தொடரை எதிர்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் மனத்தாங்கல் வேறு. வகுப்பில் ஜியா தலையைக்கூட மூடுவதில்லை. சண்டைக்கு மட்டும்தான் புர்கா. உடுப்பை முகமூடி ஆக்கிவிட்டார்களே!

ஆசிரியையின் அபாயா நீதிமன்றம் வரை போன ஊர் நம் திருகோணமலை. இங்கே யாரும் ஒளிந்துகொள்வதற்காக அதை அணிவதில்லை. அதே உடுப்போடு, சொந்தப் பெயரோடு, கரும்பலகை முன்னால் நிற்கிறார்கள். ஜியாவையும் அப்படி நிற்க விட்டிருக்கலாம். சண்டை கொஞ்சம் குறைந்திருந்தாலும் பரவாயில்லை.