பாயின்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

மும்பையின் கடைசி பிரீமியர் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அதன்பிறகு என் கிழட்டு பத்மினிக்குத் திடீர் மரியாதை. சயான் சிக்னலில் நின்றால் பக்கத்துக் காரிலிருந்து மொபைலை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். நானும் சிரித்து வைப்பேன். பச்சை விளக்கு எரிந்ததும் வண்டி நகருமா என்ற கவலை எனக்கல்லவா தெரியும்!

வண்டி 1987 மாடல். இதே ஊரில், குர்லா தொழிற்சாலையில் பிறந்தது. மாமனார் வாங்கியது, அவருக்குப் பின் எனக்கு வந்தது. என் இரண்டு பிள்ளைகளும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது இதன் பின்சீட்டில்தான். ஆகவே, விற்கும் பேச்சு எங்கள் வீட்டில் எடுபடாது.

பழைய காருக்கு நூறு நோய் உண்டு. ஆனால், நடுத்தெருவில் மானத்தை வாங்குவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: பாயின்ட். காலையில் நாலு முறை செல்ஃப் அடித்தால்தான் இன்ஜின் கண் விழிக்கும். சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் குலுங்கும். மேம்பாலம் ஏறும்போது மிஸ் அடிக்கும். புகைப் பரிசோதனைக்குப் போனால், எரியாத பெட்ரோல் ஹைட்ரோகார்பன் கணக்கில் ஏறி நம்மைக் காட்டிக்கொடுக்கும்.

பாயின்ட் என்பது என்ன? கொட்டாங்கச்சி அளவு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சிறிய உலோகப் பொட்டுகள். அவை ஒட்டியிருக்கும்போது பாட்டரியிலிருந்து மூன்று நான்கு ஆம்பியர் கரன்ட் காயிலுக்குள் ஓடி காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. நடுவில் சுழலும் கேம் பொட்டுகளைப் பிரிக்கும் அந்தக் கணத்தில் காந்தப் புலம் சரிந்து விழுகிறது. காயிலின் இன்னொரு சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. அதுதான் பிளக்கில் தீப்பொறி. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்காக வடிவமைத்த ஏற்பாடு இது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகத்தின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இதை நம்பித்தான் ஓடின.

பாவம், அந்தப் பொட்டுகளின் வேலைப் பளுவைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் பாயின்ட் விநாடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 முறை. ஒவ்வொரு முறையும் பொட்டுகளுக்கிடையே ஒரு குட்டித் தீப்பொறி. அதை அடக்கத்தான் பக்கத்தில் கண்டென்சர். அப்படியும் ஒரு பொட்டில் குழி விழும். மறுபொட்டில் மேடு தட்டும். கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்தங்கும். நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே கார் நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டிருக்கும்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் இந்த உரசலையே ஒழித்துவிடுகிறது. கேமின் மேல் காந்தங்கள் பதித்த ஒரு வளையம். பாயின்ட் இருந்த இடத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு மாட்யூல். காந்தம் எதிரே வருவதை உள்ளேயிருக்கும் சென்சார் உணர்கிறது. 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவுதான் இதற்கு அடிப்படை. டிரான்சிஸ்டர் கரன்ட்டைத் துண்டிக்கிறது. ஒன்றையொன்று தொடுவதில்லை, எனவே தேய்வதற்கும் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் மாசு விதிகள் இறுகியபோது கிறைஸ்லர் தன் 1973 மாடல்களில் பாயின்ட்டுக்கு விடை கொடுத்தது. நம் பத்மினிகளும் அம்பாசடர்களும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உப்புத்தாளோடு வாழ்ந்தன.

போன வருடம் மழைக்கு முன் நானும் துணிந்தேன். கிட்டை வாங்கிக்கொண்டு என் மெக்கானிக்கிடம் போனேன். உத்தரப் பிரதேசத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். தெருவே அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடும். மாட்யூலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறக்க ஒரு ஸ்குரூகூட இல்லை.

“சாப், பாயின்ட் நோயாளி மாதிரி. இருமும், முனகும், விழுவதற்குப் பத்து நாள் முன்பே சொல்லும். இது சொல்லாது. போனால் போனதுதான்” என்றார் இந்தியில்.

ஆனாலும் மாட்டிக் கொடுத்தார். ஆனால், உடனே அல்ல. முதலில் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் எடைக்கற்களும் ஸ்பிரிங்குகளும் இறுகிக் கிடக்கின்றனவா என்று பார்த்து எண்ணெய் விட்டார். மூடியில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பிளக் வயர்களை மாற்றச் சொன்னார். “இதெல்லாம் பழையதாகவே இருந்தால் உன் புது டப்பா என்ன செய்யும்?”

நியாயமான கேள்வி. கிட் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. மாட்யூல் பாயின்ட்டையும் கண்டென்சரையும் மட்டுமே ஓய்வுக்கு அனுப்புகிறது. மூடிக்குள் மழை நீர் கசிந்தால் எலெக்ட்ரானிக் வண்டியும் நிற்கும். கார்ப்பரேட்டர் அடைத்திருந்தால் அதுவும் அப்படியேதான். மைலேஜ் கூடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாயின்ட் சரியாக இருந்த வண்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது. லாபம் வேறு இடத்தில்: இன்று இருந்த டைமிங் ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும்.

மாட்டும் வேலை ஒரு மணி நேரம்தான். ஆனால், நாலு விஷயங்களில் கவனம் வேண்டும். கிட்டை காரின் பெயர் சொல்லி வாங்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலில் வெவ்வேறு டிஸ்ட்ரிபியூட்டர்கள் வந்திருக்கலாம். இரண்டாவது, பாட்டரியின் எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். வயரை மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் அந்த நிமிடமே போய்விடும். மூன்றாவது, காயிலின் இரு முனைகளுக்கிடையே எத்தனை ஓம் என்று மீட்டரில் அளந்து, கிட் கேட்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பழைய 12 வோல்ட் காயிலில் பெரும்பாலும் 3 ஓம் அளவில் இருக்கும். அதைவிடக் குறைந்த காயில், கூடவே ரெசிஸ்டர் என்று இருந்தால், விசாரிக்காமல் கை வைக்காதீர்கள். நாலாவது, மாட்டியபின் டைமிங்கைப் புதிதாக வைக்க வேண்டும். காந்த வளையம் பழைய பாயின்ட் திறந்த அதே புள்ளியில் வேலை செய்யும் என்று நினைப்பது தவறு.

மாட்டி முடித்த மறுநாள் காலை ஒரே செல்ஃபில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சிக்னலில் குலுங்கவில்லை. மழைக்காலம் முழுவதும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்கவேயில்லை. உப்புத்தாள் பழக்கமே மறந்துபோனது.

தீபாவளி விடுமுறையில் குடும்பத்தோடு லோனாவ்லா கிளம்பினோம். பழைய புனே சாலை. கோபோலியில் வடா பாவ் சாப்பிட இறங்கியபோது, பிள்ளைகள் பாட்டு வேண்டுமென்றார்கள். ரேடியோவுக்காக சாவியை ஆன் செய்தபடியே விட்டுவிட்டு அரைமணி நேரம் கதை பேசிக்கொண்டிருந்தேன். இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆன் ஆகியிருந்தால் காயிலும் மாட்யூலும் சூடேறும். மாட்யூல் வெந்தே போகலாம். கிட்டோடு வந்த தாளில் இது அச்சாகியிருந்தது. படித்துமிருந்தேன்.

காட் ஏற்றத்தில், லாரி டிரைவர்கள் காசு போட்டுவிட்டுப் போகும் ஷிங்ரோபா கோயிலுக்குச் சற்றுக் கீழே, வண்டி நின்றது. இருமலில்லை, முனகலில்லை. உஸ்தாத் சொன்னது போலவே, போனால் போனதுதான்.

உஸ்தாதுக்கு போன் செய்து பயனில்லை. மழை முடிந்ததுமே பட்டறையை மூடிவிட்டு அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவரிடம் வேலை கற்ற பையன்கள் யாரும் பாயின்ட் பக்கம் வரவில்லை. அவர்களுக்கு ஸ்கேனர் போதும். ஆனால், டிக்கியில் ஒரு பழைய வெற்றிலை டப்பா இருந்தது. கழற்றிய பாயின்ட்டையும் கண்டென்சரையும் துடைத்து, ஒரு துண்டு உப்புத்தாளோடு அதில் போட்டு, “இதை எறியாதே” என்று சொல்லிக் கொடுத்திருந்தார். பழைய பிளேட்டையோ வயரையோ எதையும் வெட்டாமல்தான் கிட்டை மாட்டியிருந்தார். அன்று அதை வயதானவரின் பிடிவாதம் என்று நினைத்தேன்.

டெஸ்ட் பல்பைக் காயிலின் நெகட்டிவ் முனைக்கும் எர்த்துக்கும் இடையே பிடித்துக்கொண்டு மனைவியை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பல்பு சிமிட்டியிருக்க வேண்டும், சிமிட்டவில்லை. சந்தேகம் தீர்ந்தது. மாட்யூலையும் வளையத்தையும் கழற்றி, பாயின்ட்டை மாட்டினேன். இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லை. டப்பாவின் அடியில் உஸ்தாதின் விசிட்டிங் கார்டு ஒன்று கிடந்தது. கிட்டத்தட்ட அதே தடிமன். பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும்படி இன்ஜினைத் திருப்பி, கார்டைச் செருகி, ஸ்குரூவை முறுக்கினேன். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது செல்ஃபில் வண்டி கிளம்பியது. டைமிங் அவ்வளவு சரியில்லை. ஆனால், லோனாவ்லா போய்ச் சேர்ந்தோம்.

மும்பை திரும்பியதும் புது மாட்யூல் வாங்கி, இம்முறை நானே மாட்டினேன். பாயின்ட்டுக்கு நிரந்தரமாகத் திரும்பும் எண்ணமில்லை. பழைய கார் தினமும் ஓட வேண்டுமென்றால் எலெக்ட்ரானிக்தான் நல்லது; சந்தேகமேயில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன். கூடவே ஒன்று: மாட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பாயின்ட்டைக் கழற்றி, நீங்களே ஒரு முறை திரும்ப மாட்டிப் பாருங்கள். சொல்லித்தர ஆள் கிடைக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள். பாயின்ட்டை டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள்.

என் டப்பா மறுபடியும் டிக்கியில் இருக்கிறது. ஃபீலர் கேஜ் ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறேன். கிரீஸ் பட்டு ஓரம் கறுத்த அந்த விசிட்டிங் கார்டையும் எடுக்கவில்லை.