வேதியியல், வேறு வழியில்லாதவர்களின் பாடமா?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் மதுரையில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் பேச்சு கட்-ஆஃப் பற்றியதுதான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேரப் போவதாகப் பையனோ பெண்ணோ சொல்லிவிட்டால் போதும், அடுத்த கேள்வி தயாராக வரும்: "ஏன், வேற எதுவும் கிடைக்கலையா?" சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள், சில பள்ளிகளில் ஆசிரியர்களே கேட்கிறார்கள். பொறியியலும் மருத்துவமும் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் அது, மனப்பாடப் பாடம், படித்தால் வாத்தியார் வேலைதான், அதுவும் உள்ளூர்க் கல்லூரியில் படித்தால் உள்ளூரோடு சரி. இந்த நம்பிக்கைகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒற்றைக் கேள்வியாகின்றன. இதைக் கேட்டு, பிடித்த பாடத்தை விட்டுவிட்டுப் பிடிக்காத பாடத்துக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டும் குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. அதனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

மிஞ்சியவர்களின் பாடம் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் 180 வேதியியலுக்கு. தமிழ்நாட்டுப் பொறியியல் கட்-ஆஃப் 200-ல் 50 வேதியியலுக்கு. டாக்டராகவும் இன்ஜினீயராகவும் ஆகவிடாமல் பலரை நிறுத்தும் பாடத்தையே முழுநேரமாகப் படிக்க வருபவரை மிஞ்சியவர் என்பது எப்படிப் பொருந்தும்? வேறு இடம் கிடைக்காமல் வந்து சேருபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களிலும் இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியலின் ருசி கண்டு நிலைத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

மனப்பாடப் பாடம் என்பதற்குப் பதில் பிளஸ் டூ செய்முறை வகுப்பிலேயே இருக்கிறது. கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலம், அதோடு நீர்த்த கந்தக அமிலம். கை பொறுக்கும் சூட்டைத் தாண்டிச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். முதல் சொட்டு விழுந்ததும் ஊதா நிறம் சில நொடிகள் அப்படியே நிற்கும். முடிவுநிலை வந்துவிட்டதோ என்று புதிதாகச் செய்பவர் பயந்துபோவார். பிறகு அது மெல்ல மறையும். அடுத்தடுத்த சொட்டுகளோ விழுந்த வேகத்தில் மறையும். குடுவையும் அதே, கரைசலும் அதே. வேகம் மட்டும் ஏன் கூடியது? முதல் சொட்டுகள் வினைபுரிந்தபோது பிறந்த மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாகிவிடுகிறது. பியூரெட்டில் அளவு பார்க்கும்போதும் ஒரு நுட்பம் உண்டு. வழக்கமாகக் கரைசலின் கீழ்ப்பிறையைப் பார்க்க வேண்டும். பெர்மாங்கனேட்டின் அடர்நிறத்தில் அது தெரியாது என்பதால் மேல்விளிம்பைப் பார்க்கிறோம். ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போக இத்தனை இடம் தரும் பாடத்தை 'புக் பேக்' கேள்விகளாகவும் ஒரு மதிப்பெண் விடைகளாகவும் சுருக்கியது தேர்வுமுறை. மாணவருக்கு நீட்டப்பட்டது அந்தச் சுருக்கம்தான். வெறுப்பும் அதன் மேல் வந்ததுதான்.

அடுத்தது வேலை. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வெறும் பி.எஸ்சி.யோடு தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் சேருபவருக்குத் தொடக்கச் சம்பளம் குறைவு. ஒப்பந்த வேலையாகவும் இருக்கும். கணினித் துறையில் சேர்ந்தவனோடு முதல் வருடத்தில் ஒப்பிட்டால் மனம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் வாத்தியார் வேலையைத் தவிர வேறில்லை என்பது பொய். சிமென்ட், மருந்து, உரம், சாயம், ரப்பர் என்று வேதியியலர் இல்லாமல் ஒரு லோடு கூட வெளியே அனுப்ப முடியாத தொழில்கள் தென்மாவட்டங்களிலேயே இருக்கின்றன. பாலில் கொழுப்பும் கொழுப்பல்லாத திடப்பொருளும் (எஸ்.என்.எஃப்.) பார்ப்பது, குடிநீரைச் சோதிப்பது, உணவுக் கலப்படம் கண்டுபிடிப்பது, தடய அறிவியல் ஆய்வகத்தில் நஞ்சைப் பிரித்தறிவது எல்லாம் இந்தப் படிப்பின் வேலைகள்தாம்.

வாத்தியார் வேலை என்று இளக்காரமாகச் சொல்பவர்கள் திருப்பரங்குன்றம் பக்கம் ஒருமுறை பார்க்க வேண்டும். தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஆர். வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைக் கொண்டு சாலை போடும் முறையை அங்கேதான் உருவாக்கினார். ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, துண்டாக்கிய பிளாஸ்டிக் பைகளை அதன்மேல் தூவினால் அவை உருகிக் கல்லின்மேல் மெல்லிய படலமாகப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் தார் நன்றாக ஒட்டும். தண்ணீர் உள்ளே இறங்காது. பிளாஸ்டிக் எரியாமல், சிதையாமல், உருக மட்டும் செய்யும் வெப்பநிலையைப் பிடித்ததில்தான் வேதியியல் இருக்கிறது. 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார்கள். 2006-ல் காப்புரிமை, 2018-ல் பத்மஸ்ரீ. வாத்தியார் வேலையில் இருந்துகொண்டே செய்த காரியம் இது.

இன்னொன்றும் நம் கண்ணெதிரே இருக்கிறது. பட்டாசில் பச்சை நிறம் தருவது பேரியம். உப்புப் பகுப்பாய்வில் சுடர்ச் சோதனை செய்த பள்ளி மாணவருக்கே இது தெரியும். 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. சிவகாசி இன்றுவரை அந்தத் தீர்ப்போடு மல்லுக்கட்டுகிறது. அங்கே பல லட்சம் பேரின் பிழைப்பு ஒரு வேதியியல் கேள்வியில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, இங்கே நம் பிள்ளைகளிடம் கெமிஸ்ட்ரிக்கு வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இருப்பதிலேயே அதிகக் கெடுதல் செய்வது கடைசி நம்பிக்கைதான்: பிளஸ் டூவில் லட்சக்கணக்கில் கட்டி கோச்சிங் போகாதவருக்கு ஐஐடி வாசல் மூடிவிட்டது, உள்ளூரில் பி.எஸ்சி. சேர்ந்தால் கதை முடிந்தது என்பது. வேதியியலைப் பொறுத்தவரை இது முழுத் தவறு. ஐஐடிகளுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. ஜாம் என்கிற தேர்வு. பி.எஸ்சி. இறுதியாண்டு படிப்பவர் எழுதலாம். வயது வரம்பு இல்லை. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 20 கேள்விகளுக்கு விடையை நாமே கணக்கிட்டு எண்ணாகத் தர வேண்டும். அவற்றில் தவறான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் கிடையாது. ஐஐடிகளின் எம்.எஸ்சி.க்கும், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் இதுவே வழி. செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் ஐஐடிகளும் உண்டு. பியூர் சயின்ஸ் குரூப்பில் வந்தவர்கள் தகுதி விவரத்தை முதலாண்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஹைதராபாத், புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களின் எம்.எஸ்சி.க்கு க்யூட் முதுநிலைத் தேர்வு தனி.

பிளஸ் டூ முடித்த கையோடு ஆராய்ச்சிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஐசர் என்கிற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் இருப்பவை நமக்குப் பக்கம். ஐந்தாண்டுப் படிப்பு, அதற்கென்று தனி நுழைவுத் தேர்வு. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலிருந்தும் தலா 15 கேள்வி. நீட்டுக்கும் ஜேஇஇக்கும் படித்த படிப்பு இதற்கும் உதவும். இதை எழுதிப் பார்க்கச் சொல்லும் பள்ளிகள் நம் பக்கம் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

உள்ளூரில் சேருவது அதைவிட எளிது. அரசுக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வே இல்லை. ஒரே இணைய விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிப்பிடலாம்; மொழிப்பாடங்களை விட்டு மற்ற நான்கு பாட மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை போடுகிறார்கள். மீனாட்சி அரசு மகளிர் கல்லூரிக்கு இதுவே வழி. அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, தியாகராஜர், லேடி டோக், பாத்திமா போன்றவற்றுக்குத் தனித்தனி விண்ணப்பம். அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: எய்டட் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரிப் பெயர் ஒன்றுதான், கட்டணம் வேறு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வருகிறது.

உள்ளூரில் படித்தால் உள்ளூரோடு சரி என்பவர்களுக்கு ஒரு பெயர்: கே.எஸ். கிருஷ்ணன். வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை விளக்குநராக வேலை பார்த்தவர். 1928-ல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது ராமனோடு சேர்ந்து உழைத்தவர் அவர்தான். இன்று எம்.எஸ்சி. முடித்தவர் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால், பிஎச்.டி. படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதற்கு வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. மின்கல ஆராய்ச்சி உலகம் முழுக்கச் சூடுபிடித்திருக்கும் காலம் இது.

தமிழ்வழியில் படித்தவர்களால் முடியாது என்பார்கள். ஜாம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, முதல் பருவம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் சமன்பாட்டுக்கும் கணக்குக்கும் மொழி ஒன்றே. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பாடநூலின் ஆங்கிலப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தெரிந்த பாடத்தையே அதில் ஒருமுறை படித்தால் கலைச்சொற்கள் வசமாகிவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு லேப் ஆகாது என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. புகை வெளியேற வழியில்லாத ஆய்வகம் ஆணுக்கும் கெடுதல், பெண்ணுக்கும் கெடுதல். ஆய்வகத்தைச் சரிசெய்வதுதான் தீர்வு.

பல்கலை நகரில் இருக்கும் காமராசர் பல்கலைக்கழகத்தைக் காட்டி, அங்கேயே சம்பளம் கொடுக்க முடியவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. 1966-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கியிருப்பது உண்மை. அதைச் சரிசெய்யச் சொல்லி அரசைக் கேட்க வேண்டியது நம் கடமை. அதற்காகப் பாடத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தை ஒருமுறை நேரில் பாருங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் செய்முறை, ஒரு பியூரெட்டை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், புகை வெளியேற்றும் பெட்டி வேலை செய்கிறதா, கடந்த ஆண்டு எத்தனை பேர் ஜாம் எழுதினார்கள் என்று நேராகக் கேளுங்கள். கூசாமல் பதில் சொல்லும் கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள்.