பூட்டு இருக்கட்டும், ரூட் எங்கே போகுது?

"விபிஎன் போட்டாச்சு, இனிமே யாருக்கும் ஒண்ணும் தெரியாது" என்று நம்ம மக்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். என்கிரிப்ஷன் என்பது பூட்டு. பூட்டின பெட்டி எந்த ஊருக்குப் போய்த் திறக்கப்படுதுங்கறதை முடிவு பண்றது ரூட்டிங். பூட்டைப் பத்திப் பேசற அளவுக்கு ரூட்டைப் பத்தி யாரும் பேசறதில்லை.

மறைமலை நகரில் ஒருத்தர் வீட்டில் விபிஎன்-ஐ ஆன் பண்றார்னு வைங்க. கணினிக்குள்ளே டம்மியா ஒரு நெட்வொர்க் கார்டு முளைக்கும். ரூட்டிங் டேபிளில் புது வரிகள் சேரும். ஒண்ணு, "எல்லா பாக்கெட்டும் டன்னல் வழியா போகட்டும்". இன்னொண்ணு, "விபிஎன் சர்வருக்குப் போறது மட்டும் வீட்டு ரவுட்டர் வழியா போகட்டும்". இரண்டாவது இல்லேன்னா டன்னல் தன்னையே டன்னலுக்குள்ளே அனுப்பப் பார்க்கும். பாம்பு தன் வாலை முழுங்கற கதைதான் :-)

ஓப்பன்விபிஎன்-இல் வழக்கமா ஒரு தந்திரம் உண்டு. பழைய டீஃபால்ட் ரூட்டை அழிக்காம, 0.0.0.0/1, 128.0.0.0/1 என்று முகவரிகளை ரெண்டு பாதியாப் பிரிச்சுச் சேர்த்துடும். ரூட்டிங்கில் யார் குறிப்பா சொல்றாங்களோ அவங்க பேச்சுதான் எடுபடும். அதனால டன்னல் ஜெயிக்கும். டன்னல் அறுந்தா? அந்த ரெண்டு வரியும் போய், பழைய ரூட் உயிர்பெறும். பாக்கெட்டெல்லாம் டன்னல் இல்லாமலேயே கிளம்பிடும். கில் ஸ்விட்ச் வைக்கறது அதைத் தடுக்கத்தான்.

இப்ப ஒரு நிஜக் கதை. விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருஷம் வெச்சிருக்கணும்னு 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் உத்தரவு போட்டது. அந்த ஜூனிலேயே எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் மூணு பேரும் இந்திய சர்வர்களை எடுத்துட்டாங்க. இந்திய ஐபி வேணும்னா சிங்கப்பூர், பிரிட்டனில் இருக்கிற சர்வரிலிருந்து தர்றோம்னு எக்ஸ்பிரஸ்விபிஎன் சொன்னது. அதாவது மறைமலை நகரில் கிளம்பின பாக்கெட் சிங்கப்பூர் போய், அங்கே பூட்டு திறந்து, இந்திய முகவரியை மாட்டிக்கிட்டு சென்னைக்குத் திரும்பி வரும். செங்கல்பட்டு போக சிங்கப்பூர் வழியா டிக்கெட்! ஐபி இந்தியான்னு காட்டுது, பெட்டி திறக்கற இடம் வேற நாடு.

கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கற விபிஎன் இந்த உத்தரவில் வராது. ஆனா நம்ம ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு முக்கியமான கேள்வி அங்கேதான் இருக்கு. அட்மின் ஸ்ப்ளிட் டன்னல் வெச்சிருந்தா ஆபீஸ் முகவரிகள் மட்டும் டன்னலில் போகும். முழு டன்னல்னா நீங்க வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற பேங்க் தளத்துக்கான பாக்கெட்டும் ஆபீஸ் போய்த்தான் வெளியே வரும். பாஸ்வேர்டு தெரியாட்டியும், எங்கே போனீங்கன்னு தெரியும். ரெண்டில் எதுன்னு ஊழியரிடம் சொல்றது நிர்வாகத்தின் கடமைன்னு நான் நினைக்கிறேன். ஒரே ஒரு வரி மெயில் போதும்.

சொல்லாட்டி நீங்களே பாருங்க. விண்டோஸில் ரூட் பிரிண்ட், லினக்ஸில் ஐபி ரூட். விபிஎன் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை, போட்ட பிறகு ஒரு தடவை அடிச்சா வித்தியாசம் கண்ணில் படும்.

விபிஎன் நம்பிக்கையை ஒழிக்கறதில்லை. இன்டர்நெட் கம்பெனி மேல இருந்த நம்பிக்கையை டன்னலின் மறுமுனையில் இருக்கிறவர் மேல மாத்துது, அவ்வளவுதான். அதனால "எத்தனை பிட் பூட்டு"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி "எங்கே திறக்குது, யார் திறக்கறாங்க"ன்னு கேளுங்க மக்களே.

டிஸ்கி: இது முழுக்க ஐபிவி4 கதை. ஐபிவி6-க்கு ரூட் தனி. அதை விட்டுட்டா அந்த பாக்கெட் டன்னல் பக்கமே தலை வெச்சுப் படுக்காது!