செட்டியார் கடை ஜாபிதா



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் இறங்கியிருக்கும். மரப்பாச்சிக்குப் புதுத்துணி, பூங்காவுக்குக் கடுகு, வெந்தயம், கேழ்வரகு என்று வேலை நடந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. செட்டியார் கடைக்கு விலை எழுத வேண்டும்.

தாத்தா கும்பகோணத்தில் ஒரு மளிகை மண்டியில் கணக்கெழுதியவர். கொலு பாட்டியின் ராஜ்யம். அதில் அவர் தலையிட்டது ஒரே ஒரு படியில்தான். தொந்தியும் தானுமாகச் செட்டியார், பக்கத்தில் செட்டிச்சி, எதிரே சொப்புகளில் அரிசி, பருப்பு. "விலை போடாத கடைக்கு எவன் வருவான்?" என்று கேட்டுவிட்டு, தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் அரிசி, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், வெல்லம், புளி என்று வரிசையாக விலை எழுதிச் சாத்தி வைப்பார். அதற்கு ஜாபிதா என்று பெயர். நவராத்திரி முதல் நாள் காலையில் கடைத்தெருவுக்கு நடந்துபோய்க் கேட்டுவந்த விலையாக இருக்க வேண்டும். பேப்பரில் பார்த்தது செல்லாது. விஜயதசமி இரவு பாட்டி ஒரு பொம்மையைப் படுக்க வைப்பாள். தாத்தா ஜாபிதாவைக் கவிழ்த்துவிட்டு, "கடை அடைச்சாச்சு" என்பார். அம்பாள் முன்னால் கடைக்கணக்கா என்று பாட்டி கடைசிவரை முணுமுணுத்தாள். ஆனால் அந்தத் தாள்களைச் செட்டியாரைச் சுற்றும் துணிக்குள்ளேயே பத்திரப்படுத்தியதும் அவள்தான்.

இருப்பதில் பழைய தாள் 1956. அணாவும் வீசையும் பலமுமாக இருக்கிறது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டதால் அடுத்த தாளில் இரட்டைக் கணக்கு: இடப்பக்கம் அணா, வலப்பக்கம் நயா பைசா. செட்டியாருக்குப் பழகட்டும் என்று எழுதினாரோ, தான் பழகிக்கொள்ள எழுதினாரோ. சில தாள்கள் தள்ளி, வீசை போய்க் கிலோ வருகிறது. எனக்குப் பிடித்தது 1967. 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று சொல்லி அண்ணா ஆட்சிக்கு வந்த வருஷம். ரூபாய்க்கு ஒரு படி அரிசி முதலில் கிடைத்தது சென்னையிலும் கோவையிலும்தான். தாத்தா மண்டி விலையை எழுதி, அடியில் பொடி எழுத்தில், "படி அரிசி நம்ம ஊர் வந்து சேரவில்லை" என்று குறித்திருக்கிறார். 2011இல் ரேஷன் அரிசி இலவசமானபோது அதற்கும் ஒரு வரி ஒதுக்கினார். விலை எழுத வேண்டிய இடத்தில் வெறும் கோடு. சுழியம் போட மண்டிக்காரருக்குக் கை வரவில்லை போலும்.

தாத்தா காலமான வருஷம் கொலு வைக்கவில்லை. மறு வருஷம் பாட்டியே காலண்டர் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். 2019இல் நவராத்திரி தொடங்கிய செப்டம்பர் 29ஆம் தேதிதான் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. முதல் முறையாக ஜாபிதாவில் வெங்காயம் ஏறியது. கொலுவில் வெங்காயமா என்று அத்தை சண்டைக்கு வந்தாள். விலையைத்தானே வைக்கிறோம், வெங்காயத்தையா வைக்கிறோம் என்று சமாதானம் சொன்னோம்.

இப்போது எழுதுவது அக்கா மகள். போனில் பார்த்துப் போட்டுவிடலாமே என்றாள். தாத்தா சட்டத்தில் அதற்கு இடமில்லை. கடைக்குப் போனவள் வேறொரு சிக்கலோடு திரும்பினாள்: இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் கிலோ என்ன விலை? வகுத்துப் போட்டோம்.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போனால் எந்தப் பொம்மையும் கிடைக்கும். இந்தக் கிறுக்கு எங்கே கிடைக்கும்? படத்துக்கு மாலை போடுவதைவிட, வெயிலில் கடைத்தெருவுக்கு ஒரு நடை போய்வருவதில் தாத்தா கூடுதலாக இருக்கிறார் என்பது என் கட்சி. அத்தை ஒப்புக்கொள்வதில்லை.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியும் இப்படி ஏதாவது விட்டுப்போயிருப்பார்கள். எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்குகிறோம். இன்னொரு வேண்டுகோள். எங்கள் 1974ஆம் வருஷத் தாளை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. அந்த நவராத்திரியில் கும்பகோணம் பக்கம் துவரம்பருப்பு கிலோ என்ன விலை விற்றது என்று, பழைய வீட்டுக்கணக்கு நோட்டு வைத்திருக்கும் வாசகர்கள் பார்த்துச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்